கண்ணாடிக்கடைக்காரர் மக

“அவ செருப்பு உனக்குச் சரியா இருக்கும். போட்டுப் பாரேன்,” அப்படின்னாங்க கண்ணாடிக்கடைக்காரர் சம்சாரம்.

உதவி கேட்டு வந்த காலேஜ் பொண்ணு குச்சிக்கு முதுகு சில்லுனு ஆயிடுச்சு. செத்துப்போன பொண்ணோட செருப்பு. ஆனா மாட்டேன்னு சொல்ற நிலைமையிலயா இருக்கா? காலை நுழைச்சா. அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருந்துச்சு. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.

அலமாரி அடித்தட்டுல விரல் நீளச் செருப்புல ஆரம்பிச்சு, ஜோடி ஜோடியா பெருசாகிக்கிட்டே வந்துச்சு. மேல பள்ளிக்கூட உடுப்பு, மடிப்புக் கலையாம. கட்டில்ல யாரோ இப்பத்தான் எழுந்து மூஞ்சி கழுவப் போன மாதிரி போர்வை ஒதுங்கிக் கிடந்துச்சு.

“வருஷத்துக்கு ஒரு ஜோடி வாங்கிடுவோம். வளர்ற புள்ள இல்லையா?”ன்னு அந்தம்மா சிரிச்சாங்க.

கண்ணாடிக்கடைக்காரர் ஒரு சேவைச் சங்கத்துல உறுப்பினர். சங்கம் ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கித் தரும், தண்ணியில்லாத பக்கம் குழாய் போட்டுத் தரும், இல்லாதவங்க பிள்ளைங்களைப் படிக்க வைக்கும். இதுல இவரு வழி தனி வழி. மக ஒண்ணாம் வகுப்புப் போயிருக்க வேண்டிய வருஷம், அந்தக் கட்டணத்தைச் சங்கத்துல கட்டினாரு. சங்கமும் அதே அளவு தன் பங்கைச் சேர்த்து, ஒண்ணாம் வகுப்புப் புள்ள ஒருத்திக்குக் கொடுத்துச்சு. அப்படியே வகுப்பு வகுப்பா ஏறி, இந்த வருஷம் காலேஜ் கடைசி வருஷத்துல வந்து நிக்குது.

“சின்னதுலயே போயிடுச்சாம், பாவம்”னு சங்கத்துல பேசிக்குவாங்க. அதுக்கு மேல கேக்க யாருக்கும் வாய் வந்ததில்ல.

குச்சி நர்ஸ் படிப்புல கடைசி வருஷம். ஒல்லியா இருக்கறதால விடுதியில வச்ச பேரு. கட்டட வேலைக்குப் போன அப்பா சாரத்துலேர்ந்து விழுந்து படுத்த படுக்கை. கட்டணம் கட்டலைன்னா பரீட்சை கிடையாது, மூணு வருஷப் படிப்பும் தண்ணியில போட்ட உப்பு. சங்கம் அனுப்பின மூணு பேர்ல ஒருத்திக்குத்தான் கிடைக்கும். யாருக்குன்னு புருஷனும் பொண்டாட்டியும் நேர்ல பார்த்துச் சொல்லணும்.

கூட தங்கியிருக்கற வாயாடிதான் வழி சொல்லி அனுப்பினா.

“அடியே, அழுது காமிச்சா வேலைக்கு ஆகாது. வர்றவ எல்லாம்தான் அழுவா. நீ அந்தப் பொண்ணுகூட சின்னதுல படிச்சேன்னு சொல்லு. உன் வயசுதானே அவளுக்கும்?”

“பாவம்டி. பொய் இல்லையா?”

“செத்தவ எழுந்து வந்து சாட்சி சொல்லவா போறா?”

கூடத்துக்கு டீ வந்துச்சு. மூணு பேருக்கு நாலு கப். நாலாவதை அந்தம்மா காலி நாற்காலிக்கு முன்னால வச்சு, ஆறிடாம ஒரு தட்டால மூடினாங்க.

குச்சி சுவர் சுவரா பார்த்தா. ஒரு போட்டோ மாட்டியிருந்தா பொய் சொல்ல எவ்வளவு வசதியா இருந்திருக்கும்! எங்கேயும் இல்ல. பார்க்கத் தாங்காம கழட்டிட்டாங்க போலன்னு நினைச்சுக்கிட்டா.

“சொல்லும்மா,” அப்படின்னாரு கண்ணாடிக்கடைக்காரர். “மத்த ரெண்டு பேரும் மார்க்கைச் சொன்னாங்க. நீ என்ன சொல்லப்போற?”

குச்சி கப்பைக் கீழ வச்சா. “ஐயா... உங்க பொண்ணை எனக்குத் தெரியும். பாலர் வகுப்புல என் பக்கத்துலதான் உக்காருவா.”

அவரு கை கப்போட அந்தரத்துல நின்னுடுச்சு. பொண்டாட்டியைப் பார்த்தாரு. மாட்டிக்கிட்டோம்டா சாமின்னு குச்சிக்கு வேர்த்துடுச்சு. ஆனா அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, முட்டியோட முட்டி இடிக்க வந்து உக்காந்தாங்க.

“எப்படி இருப்பா?”

“உங்களை மாதிரிதாம்மா. நெத்தி அப்படியே உங்களுது. வாய் மட்டும் ஓயவே ஓயாது.”

“பாருங்க, உங்க வாய்!”னு அந்தம்மா புருஷன் தொடையில ஒரு தட்டு தட்டினாங்க.

“ஒழுங்கா சாப்பிடுவாளா?” அப்படின்னு கேட்டாரு அவரு.

“எங்கங்க! தன் டப்பாவைத் திறக்கவே மாட்டா. என்னோடதுலதான் கை வைப்பா. ஒரு தடவை வகுப்புல நான் பேசிட்டேன். டீச்சர் ‘யாரு பேசினது?’ன்னு கேட்டா, இவ எழுந்து நின்னு எனக்காக அடி வாங்கினா.”

பொய் தானா வந்துச்சு. பக்கத்துல இருந்து யாரோ எடுத்துக் கொடுக்கற மாதிரி, நிறுத்தவே முடியல. காலி நாற்காலி பக்கம் திரும்பிப் பார்க்க மட்டும் குச்சிக்குத் துணிச்சல் இல்ல.

அவங்க ரெண்டு பேரும் அழல. தூங்கறதுக்கு முன்னாடி கதை கேக்கற பிள்ளைங்க மாதிரி கண்ணைக் கொட்டாம உக்காந்திருந்தாங்க.

கடைசியா கண்ணாடிக்கடைக்காரர் மூக்கை உறிஞ்சினாரு. “நீ பரீட்சை எழுதும்மா. உனக்குத்தான்னு இன்னைக்கே சங்கத்துல சொல்லிடறேன்.”

குச்சிக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. கூடவே மனசு உறுத்த ஆரம்பிச்சுது. எந்தச் சாவை வச்சுப் பொழைச்சோம்னாவது தெரிஞ்சுக்க வேண்டாமா?

“அம்மா... அவளுக்கு என்னதான் ஆச்சு?”

அந்தம்மா அவ கையை விடாம இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க.

“எங்களுக்குப் புள்ளையே பொறக்கலம்மா... நீ இன்னும் கொஞ்சம் சொல்லு.”