உறிஞ்சுறதா, வெட்டுறதா?

"நீங்களே பாருங்க டாக்டரு. இந்த வயித்தை வச்சுக்கிட்டு இவளை எந்த விசேஷத்துக்குக் கூட்டிட்டுப் போறது?" என்றபடி மருமகள் ஜீவிதாவின் முந்தானையைப் பட்டென்று விலக்கிவிட்டாள் ஒச்சம்மாள். பெற்ற மகளாக இருந்தால் இப்படிச் செய்ய மனசு வருமா?

ஜீவிதா தலையைக் குனிந்துகொண்டாள். செம்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு அவள் முகத்தில் தெரிந்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செல்போன் கடை மாடியில் இருந்தது அந்த அழகு சிகிச்சை மையம். சுவரெல்லாம் ஒட்டிய வயிற்றோடு சிரிக்கும் பெண்களின் படங்கள். அவற்றுக்கு நடுவே வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருந்தார் விக்னேஷ்குமார்.

வரவேற்பில் இருந்த பெண் இரண்டு டம்ளர் பப்பாளி ஜூஸ் கொண்டுவந்து வைத்தாள். இரண்டையும் ஒச்சம்மாளே மடக் மடக்கென்று குடித்து முடித்தாள். அந்த வெயிலில் வந்த மருமகளுக்கு ஒரு வாய் கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

"ரெண்டு வழி இருக்கும்மா," என்றார் விக்னேஷ்குமார். "ஒண்ணு, சின்னதா ஓட்டை போட்டு, குழாய் விட்டு கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறது. காலைல வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிறலாம். இன்னொண்ணு, அடிவயித்துல வெட்டி, தொங்குற தோலை எடுத்துட்டு இழுத்துத் தைக்கிறது. அதுக்குக் கொஞ்ச நாள் படுக்கையில கிடக்கணும்."

"உறிஞ்சுறது எம்புட்டு வலிக்கும்?"

"மயக்கம் குடுத்துருவோம். ஒண்ணும் தெரியாது."

"ஒண்ணுமே தெரியாதா?" ஒச்சம்மாள் அவரை விடவில்லை. "கடைசி வரைக்கும் தெரியாதா?"

மருமகளுக்கு வலித்தால்தான் இவளுக்குத் திருப்தி போலிருக்கிறது. விக்னேஷ்குமாரே ஒரு கணம் அவளை விநோதமாகப் பார்த்தார்.

ஜீவிதா முதல் தடவையாக வாய் திறந்தாள். "இங்க வந்தவுகளுக்கு யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருக்கா சார்? பயமா இருக்கு."

"கடவுள் புண்ணியத்துல இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லம்மா."

"படிச்சவுக கிட்ட என்னடி கேள்வி? பேசாம போய்ப் படு," என்று அதட்டினாள் ஒச்சம்மாள்.

ஜீவிதா கட்டிலில் படுத்தாள். விக்னேஷ்குமார் அவள் வயிற்றை அங்கங்கே அமுக்கிப் பார்த்து, நீலப் பேனாவால் கோடு போட்டார். பயத்தில் அவள் கண்ணோரம் ஈரமானது.

"அமுக்குனது போதும், விஷயத்தைச் சொல்லுங்க," என்றாள் ஒச்சம்மாள்.

"நல்ல கெட்டிக் கொழுப்பும்மா. பல வருஷமாச் சேர்ந்தது. வெட்ட வேணாம், உறிஞ்சுனாலே போதும். நாளைக்கே பண்ணிறலாம்."

"வெளியூர்ல இருந்து பெரிய டாக்டரு யாரும் வந்து பண்ணுவாகளா?"

விக்னேஷ்குமாருக்கு அது கொஞ்சம் சுருக்கென்றது. "எதுக்கு? இங்க எல்லாக் கேஸும் நான் பண்றதுதான். வேற ஒருத்தர் கைபட விடமாட்டேன்."

"எல்லாமே நீங்கதானா?"

"எல்லாமே நான்தான்."

ஒச்சம்மாள் எழுந்துபோய், லேசாகத் திறந்திருந்த அறைக் கதவை விரியத் திறந்தாள். வெளியே நோயாளிகளோடு நோயாளியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சுகாதாரத் துறை அதிகாரி ரோசலின் உள்ளே வந்தார். அவர் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

"சௌந்தர்யாவை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள் ஒச்சம்மாள். "சின்னாளபட்டியில கட்டிக்குடுத்த என் மக. பிள்ளை பெத்த வயிறு தொங்குதுன்னு புருஷன் நையாண்டி பண்ணுனான்னு, கைப்பிள்ளையை எங்கிட்டக் குடுத்துட்டு உங்கிட்டதான் வந்தா. காலைல நடந்து வந்தவளைச் சாயங்காலம் பொணமா வேன்ல ஏத்தி விட்ட. போலீஸ் கேட்டதுக்கு, மெட்ராஸ் டாக்டரு வந்து பண்ணிட்டுப் போயிட்டாரு, நான் இந்த எடத்துக்கு மொதலாளி மட்டும்தான்னு ஸ்டேஷன்ல சொல்லித் தப்பிச்ச. உன்னை விலங்கோட பாத்துட்டுத்தான் என் மகளுக்கு அழணும்னு கண்ணீரை அடக்கி வச்சிருக்கேன்."

ரோசலின் விக்னேஷ்குமாரைப் பார்த்தார். "எங்கே படிச்சீங்க?"

 அவர் குரலை உயர்த்தினார். "மேடம், ஆயுசு முடிஞ்சா அதுக்கு நான் என்ன பண்ண? பதினஞ்சு வருஷ அனுபவம் எனக்கு. வயித்துல கை வச்சாலே உள்ள என்ன இருக்குன்னு சொல்லிருவேன். இந்தப் பொண்ணுக்குக் கெட்டிக் கொழுப்பு, எந்த டாக்டரை வேணும்னாலும் கூப்பிட்டுக் கேளுங்க."

ஜீவிதா கட்டிலில் ஒருக்களித்து மெல்ல எழுந்தாள். ஒச்சம்மாள் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்து, வயிற்றில் இருந்த நீலக் கோடுகளைத் தன் முந்தானையால் அழுத்தாமல் துடைத்துவிட்டாள்.

பிறகு விக்னேஷ்குமாரிடம் திரும்பினாள்.

"அது கொழுப்பில்லடா, என் பேரப்புள்ள."