நடுவில் எழுந்த சுவர்

வயலோரத்து வளையில் கிடந்த கிழட்டு எலி, சாகும்போது தன் பிள்ளைகளிடம் சொன்னது இதுதான்: "வளை உங்கள் இருவருக்கும். சேர்ந்து இருங்கள்."

மகள் தவிட்டி வாழப்போன இடத்தில் புருஷனைப் பருந்துக்குப் பறிகொடுத்துவிட்டு, வயிற்றில் குட்டிகளோடு திரும்பி வந்தாள். அண்ணன் செங்கான் வாசலை மறித்துக்கொண்டான்.

"சேர்ந்து இருந்தால்தானே பங்கு? நீதான் போய்விட்டாயே!"

வானத்தில் அதே பருந்து சுற்றியது. தவிட்டி, வழக்குத் தீர்த்துவைக்கும் குளத்து ஆமையிடம் ஓடிப்போய் முறையிட்டாள்.

ஆமை செங்கானை வரவழைத்தது. "சேர்ந்து இல்லாவிட்டால் பங்கு கிடையாது என்று உன் அப்பா சொன்னாரா?"

"அப்படிச் சொல்லவில்லை" என்று முனகினான் செங்கான்.

"அப்படியானால் அது அவருடைய ஆசை. ஆசையைக் காட்டிப் பங்கைப் பறிக்க முடியாது. ஆளுக்குப் பாதி."

செங்கான் ஆத்திரத்தோடு வளையின் நடுவே மண்ணைக் குவித்துச் சுவர் எழுப்பினான். முன்வாசல் அவனுக்கு, பின்வாசல் அவளுக்கு. தவிட்டி இரண்டு குட்டிகளை ஈன்றாள்.

ஒரு மழைநாளில் சுவருக்கு அப்பால் பிறாண்டும் சத்தம் கேட்டது.

"தவிட்டி! சாரைப்பாம்பு உள்ளே வந்துவிட்டது. எனக்கு வேறு வழியில்லை, திற!"

தவிட்டி குட்டிகளைப் பார்த்தாள். சுவர் விழுந்தால் பாம்புக்கும் அதுதான் வழி. ஆனாலும், "அண்ணே, நீயும் தோண்டு!" என்று கத்திக்கொண்டே மண்ணைப் பறித்தாள்.

செங்கான் வந்து விழுந்தான். ஆளுக்கொரு குட்டியைக் கவ்விக்கொண்டு இருவரும் மழைக்குள் ஓடினார்கள்.

வளை முழுவதும் சாரைக்கு ஆனது. அதனிடம் போய்ப் பங்கு கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை.