பையனுக்குத்தான்

"பையனுக்கா சார்?" என்றார் கடைக்காரர்.

அவன் தலையை ஆட்டிவிட்டான்.

அவனுக்குப் பையன் கிடையாது. ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்தான். ஆனால் நாற்பத்து நான்கு வயதில், காதோரம் நரைத்த பிறகு, சாஃப்ட்வேர் இன்டர்வியூ புத்தகம் எனக்குத்தான் என்று சொல்ல எப்படி வாய் வரும்?

பழைய புத்தகக் கடை. மாடிப்படி ஏறி வர வேண்டும். மின்விசிறி சத்தம்தான் போட்டது. காற்று வரவில்லை.

தேடியது கிடைத்துவிட்டது. நீல அட்டை, ஒல்லிப் புத்தகம், ஒரே ஒரு பிரதி.

கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவனும் இதிலிருந்துதான் கேள்விகளை உருவினான். ஊரில் பாதிக் கம்பெனிகள் இன்றும் அப்படித்தான். எதிரே இருக்கிற பையனுக்கு வியர்க்க ஆரம்பித்தால் உள்ளூரக் கொஞ்சம் சிரித்துக்கொள்வான். இப்போது பிரித்துப் பார்த்தான். கேள்விகள் எல்லாம் ஞாபகம் இருந்தன. விடைகள்தான் ஒன்றுகூட இல்லை.

வேலை போனது போன தீபாவளிக்கு முன்னால். என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று மனைவி கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருந்தபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

திங்கட்கிழமை கிண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் எழுத்துத் தேர்வு. ஒரே ஓர் இடம். படித்து முடித்த கையோடும் வரலாம், அனுபவத்தோடும் வரலாம், சம்பளம் மட்டும் புதியவர்களுக்கானது. அதற்கே அவன் பாதி அனுபவத்தை மறைத்துத்தான் விண்ணப்பம் போட்டிருந்தான்.

இதுவும் போனால் அடுத்து எங்கே போவது என்று அவனுக்குத் தெரியாது.

"உங்க பையனும் இன்டர்வியூ போறானா சார்?"

பக்கத்தில் ஒருவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் துணிப்பை.

"ஆமா."

"எங்க வீட்லயும் அதான் கூத்து. திங்கக்கிழமை, கிண்டியில." கம்பெனி பெயரையும் சொன்னார்.

அதே கம்பெனி.

"உங்க பையனுக்கு எங்க?"

"அது வேற எடம்" என்றான். பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கடைக்காரர் காதில் விழக்கூடாது.

"மூணு எடத்துல திருப்பி அனுப்பிட்டாங்க சார். ரூமை விட்டே வர்றதில்ல. வெச்ச சோறு வெச்ச மாதிரியே கெடக்குது. இதுவும் போச்சுன்னா என்ன பண்ணிக்குவானோன்னு பயமா இருக்கு. நைட்டெல்லாம் அவங்கம்மா கதவுகிட்டயே படுத்திருக்கா."

அவன் நீலப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"ஃபோன்ல படிச்சா மண்டையில ஏறலைங்கிறான். நமக்கு இந்தப் படிப்பெல்லாம் என்ன தெரியும்? உங்களப் பாத்தா விவரம் தெரிஞ்சவரா இருக்கீங்க. எது வாங்கலாம்? நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க சார்."

நீலப் புத்தகம் அவன் கக்கத்தில் இருந்தது.

கொடுத்திருக்கலாம்.

கொடுக்க மனம் வராவிட்டால் ஆளுக்கொரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். ஜெராக்ஸ் கடை கீழேயே இருந்தது.

அதுவும் வேண்டாம், எனக்கு ஒன்றும் தெரியாது சார் என்றாவது கையை விரித்திருக்கலாம்.

அவன் கை மேல்தட்டுக்குப் போனது.

கெட்டி அட்டை. தலையணை கனம். அதில் சொல்லித்தரும் கம்ப்யூட்டர் மொழியை இப்போது யாரும் சீண்டுவதில்லை. திங்கட்கிழமை வினாத்தாளில் அதிலிருந்து ஒரு வரி வராது.

"இத முழுசாப் படிக்கச் சொல்லுங்க. போதும்."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஏந்திப் பார்த்தார். கனத்தில் அவருக்குத் திருப்தி.

"ரெண்டே நாள்தான் இருக்கு. பரவால்ல, படிச்சிடுவான் சார். சொன்னா கேப்பான், பாவம்."

 

அவர் பேரம் பேசாமல் பணம் கொடுத்தார். படிக்கட்டு வரை போனவர் திரும்பி வந்தார்.

"நாளைக்கு வடபழனி போறேன் சார். பையன் பேர்ல ஒரு அர்ச்சனை. உங்க பையன் பேரையும் சொல்லுங்க, சேத்தே பண்ணிடறேன்."

"அதெல்லாம் எதுக்கு சார்..."

"இருக்கட்டும். முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கு இவ்வளவு உதவி பண்ணியிருக்கீங்க."

ஒரு பையன் பெயரும் வாயில் வரவில்லை. ஊரெல்லாம் எத்தனை பையன்கள், எத்தனை பெயர்கள்.

"குணசேகரன்" என்றான். தன் பெயர்தான் வந்தது.

"பழைய பேரா வெச்சிருக்கீங்களே!"

"எங்க தாத்தா பேரு."

முதல் தடவையாக அவர் சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பை அவர் தோளை ஒரு பக்கமாக இழுத்தது.

அவன் அங்கேயே நின்றான்.

புத்தகத்தைத் திறந்தான். மூடினான். முதல் கேள்விகூடக் கண்ணில் நிற்கவில்லை.

பிறகு ஓடினான்.

"சார், புக்குக்குக் காசு!" என்று கடைக்காரர் கத்தியதைக் காதில் வாங்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். தெருமுனையில் அவர் சாலையைக் கடக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்! சார்!"

அவர் திரும்பினார். மூச்சிரைக்க வந்து நிற்பவனையும் அவன் கையிலிருந்த நீலப் புத்தகத்தையும் பார்த்தார்.

"என்ன சார், புக்கு மாத்தணுமா?"

கேட்டுக்கொண்டே துணிப்பையின் வாயை அவனுக்கு நேராக விரித்துப் பிடித்தார்.

அவன் நீலப் புத்தகத்தை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"இல்ல சார். நட்சத்திரம் கேக்காமலே போறீங்களே..."

பை இன்னும் திறந்தேதான் இருந்தது.

"சதயம்" என்றான். "கும்ப ராசி."