சோப்பு மாதா

படைப்பிரிவு அருங்காட்சியகத்துக்காரர்கள் மாதாவை வாங்கிப்போக வருகிறார்கள் என்றதிலிருந்து லூர்தம்மாள் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எழுபத்தொன்று யுத்தத்தில் பிடிபட்டு, பாகிஸ்தான் முகாமில் ஓராண்டு கிடந்தபோது அவள் கணவர் சவரிமுத்து சோப்புக் கட்டியில் ஆணியால் செதுக்கிய மாதா. அவரைக் குடியை மறக்க வைத்தவள் என்று கட்கி ராணுவக் குடியிருப்பில் தமிழர்கள் எல்லோரும் கும்பிடும் சொரூபம்.

சவரிமுத்து காலையிலிருந்து சாப்பிடவில்லை. "குடுக்க முடியாதுன்னு சொல்லிடலாமா லூர்து?" என்றார் மூன்றாம் தடவையாக.

பாவம், பிரிய மனமில்லை! அவளால் தாங்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க. இது உங்க மாதா இல்ல. எழுபத்தேழுல நீங்க டியூட்டிக்குப் போயிருந்தப்ப பையன் சாக்கடையில விழுந்துட்டான். அன்னிக்கு பந்த். வீட்டுல வேற சோப்பு இல்ல. மாதாவையே தேய்ச்சுக் குளிப்பாட்டிட்டேன். அப்புறம் நானே ஒண்ணு செதுக்கி வெச்சேன்."

சவரிமுத்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீ கரைச்சதும் முகாம் மாதா இல்லடி! விடுதலைன்னு சொன்ன அன்னிக்குத்தான் ஆளுக்கொரு வாளி வெந்நீர் குடுத்தாங்க. என்கிட்ட இருந்தது அந்த ஒரு சோப்புதான், குளிச்சே தீர்த்துட்டேன். மாதாவைப் பத்தி உனக்கு லெட்டர் எழுதிட்டேனேன்னு, அமிர்தசரஸ்ல சோப்பு வாங்கி ரயில்லயே இன்னொண்ணு செதுக்கினேன்."

சட்டென்று சிரிப்பு நின்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் உற்றுப் பார்த்தார்.

"அடிப்பாவி! நான் செதுக்கினவளுக்கு மூக்கு கோணல். ஒருநாள் பார்த்தா நேரா இருந்துச்சு. அவளே சரி பண்ணிக்கிட்டான்னு நெனைச்சேன். அந்தப் பயத்துலதான்டி குடியையே விட்டேன்!"

வாசலில் ஜீப் வந்து நின்றது. லூர்தம்மாள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப இவளைக் குடுக்க முடியாதுங்க. பாத்ரூம்ல சோப்பு இருக்கு, அவங்களுக்குச் சீக்கிரமா ஒண்ணு செதுக்குங்க."