குரங்கு கொண்டுபோன லேபல்

"வல்லாஹி சேர்! நான் இப்ப சொல்லப்போறதுல ஒரு சொல் பொய்யின்னாலும் என்ட நாக்கு இந்த இடத்துலயே ஒட்டிக்கொள்ளட்டும். அந்த லேபல் என்டது. இன்ஷிரா களவெடுத்தது."

ரஸீன் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். கண்டி நகரத்து மாடி வகுப்பொன்றில் கிராபிக் டிசைன் படிக்கும் அத்தனை பேரும் திரும்பி இன்ஷிராவைப் பார்த்தார்கள். அவள் மேசையில் கையூன்றி, பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேட்பவள் போல இருந்தாள்.

திரையில் இரண்டு தேயிலை லேபல்கள். இரண்டிலும் ஒரே கோட்டில் வரைந்த இரண்டு இலையும் ஒரு கொழுந்தும்; கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அதுவே பறக்கும் குருவி. பல்லேகலயில் தேயிலை பொதிசெய்யும் கம்பனி ஒன்று, யாருடைய லேபலை எடுக்கிறதோ அவருக்கே வேலையும் தருவதாகச் சொல்லியிருந்தது. லேபலில் யாரும் தன் பெயர் போடக் கூடாது என்பது விதி. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கம்பனிக்காரர்கள் வருவார்கள். அதற்குள் ராஜரத்தினம் சேர் இரண்டில் ஒன்றை நீக்கியாக வேண்டும்.

ரஸீனுக்கு அந்த வேலை வேண்டும். அதைவிட, இன்ஷிராவுக்கு அது கிடைக்கக் கூடாது.

சேர்ந்த நாளிலிருந்தே அவனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. குட்ஸ் ஷெட் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு புரியாணிக் கடைக்கு அவள் செய்த போர்டின் முன்னால் ஆட்கள் நின்று செல்பி எடுத்தார்கள். அடுத்த கடைக்கு அவன் செய்த கொத்துரொட்டிப் போர்டைப் பார்த்துவிட்டு, விறகு இருக்கிறதா என்று கேட்டு வந்தார்கள். "வெற்றிடமும் டிசைன்தான்" என்று சேர் பாடம் எடுத்தபோது, அவள் வெள்ளைத் தாளின் மூலையில் ஒரு சிவப்புத் துளி மட்டும் வைத்து இரத்ததான போஸ்டர் செய்தாள். வகுப்பே கைதட்டியது. ரஸீன் அந்தத் துளியும் வைக்காமல் கொடுத்தான். அவனுக்குத்தான் ஆகக் குறைந்த புள்ளி. "என்டதுல அவட வெற்றிடத்தவிடக் கூட இரிந்திச்சே சேர்!" என்று அவன் வாதாடியது இன்னும் கன்டீனில் ஓடுகிறது.

"சரி தம்பி, ஒங்க படம் அவங்க கைக்கு எப்படிப் போச்சு?" என்றார் சேர்.

"தெல்தோட்டையில எங்கட மாமா வீட்டுக்குப் போனேன் சேர். தேயிலைக்குள்ள இரிந்து கீறிக்கொண்டிரிக்கேக்க ஒரு குரங்கு வந்து கொப்பியப் பறிச்சிச்சு. பறிச்சது ஓடல்ல. ஒவ்வொரு பக்கமாப் பெரட்டிச்சு. இந்த லேபல் வந்ததும் அப்படியே நிண்டிச்சு சேர். குரங்கே ரசிச்சிச்சு!"

"கொத்துரொட்டிப் பக்கத்தப் பாத்து என்ன செஞ்சிச்சு?" என்றது பின்வரிசை.

"பகிடி பண்ணாதீங்க. பொறகு கண்டி பஸ்சுட கூரையில ஏறிக் குந்திக்கொண்டிச்சு. குட்ஸ் ஷெட்ல பஸ் நிண்டதும் கொப்பியக் கீழ போட்டிச்சு. விழுந்தது யாருக்கு முன்னுக்கு? இவவுக்கு முன்னுக்கு!"

"டிக்கட் எடுத்துச்சா?" என்றார் சேர்.

"கூரைக்கு டிக்கட் இல்ல சேர்."

சேர் சிரிக்கவில்லை. ரஸீனுக்குத் தெம்பு வந்தது. அவன் தன் லேபலின் அடிப்பகுதியைத் திரையில் பெரிதாக்கினான். இன்ஷிராவின் லேபலில் இல்லாத ஒரு வரி அங்கே இருந்தது:

,d;\puh

"இதப் பாருங்க. களவெடுத்தவவுக்கு அர்த்தம் வெளங்கல்ல, அதான் இத விட்டுட்டா. கீறினவனுக்குத்தானே தெரியும்!"

"அப்ப அர்த்தத்தச் சொல்லுங்களேன்" என்றார் சேர்.

ரஸீன் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டான்.

"மொதலாவது தேயில விதை, வால் மொளைச்சிரிக்கி. அடுத்தது முதுகுல கூடையோட கொழுந்து பறிக்கிற பொம்பள. அடுத்தது மழை. ஒரு துளி விழுந்திட்டு, மத்தது விழப்போகுது. இது தெல்தோட்டை மலைச்சரிவு. இது பெக்டரிக் கொடிக்கம்பம், காத்துக் கொஞ்சம் கூட. இது தேத்தண்ணிக் கோப்பை. கடைசியா கதிரை. குந்திக்கொண்டு குடிக்க!"

முன்வரிசையில் பஸ்லினா, "அட, கதிரையேதான்!" என்றாள். ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கி எல்லா மேசைக்கும் பரவியது. முதல்முறையாக அந்தச் சத்தம் அவனுக்காகக் கேட்டது. ரஸீன் ஓரக்கண்ணால் இன்ஷிராவைப் பார்த்தான். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ஏதாச்சும் சொல்லணுமா?" என்று சேர் அவளைக் கேட்டார்.

"இல்ல சேர். அந்தக் கொடிக்கம்பம் எனக்கு நல்லாப் புடிச்சிரிக்கி."

சேர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த தமிழ், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து சேமித்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறித்தான் தெரியும். அவர் அந்த வரியைத் தெரிவுசெய்து எழுத்துருவை மட்டும் பாமினிக்கு மாற்றினார். விதையும் கூடையும் மழையும் மலையும் கம்பமும் கோப்பையும் கதிரையும் ஒன்றுகூடி, திரையில் 'இன்ஷிரா' என்று நின்றன.