திருட்டுப் படம்

“திருட்டுப் பய! உருப்படுவானா அவன்?”

விஞ்ஞானி மனைவி வீசிய ஆராய்ச்சி இதழ் சாப்பாட்டு மேஜையில் வழுக்கிக்கொண்டு போய், வக்கீல் கணவரின் காபிக் கோப்பையில் முட்டி நின்றது.

“யாரைச் சொல்றே?”

“சோடாபுட்டியைத்தான்! மூணு வருஷம் லேப்ல என் பக்கத்துலயே உட்கார்ந்து பல்லைக் காட்டினானே, அவன்தான். நூத்திப் பதினாலாம் பக்கத்தைப் பாருங்க. என் படம்! தன் பேரைப் போட்டு அச்சடிச்சிருக்கான்.”

வக்கீல் பார்த்தார். சாம்பல் நிறத்தில் வரிவரியாக ஏதோ இருந்தது. துணிக்கடை சாம்பிள் மாதிரிதான் அவருக்குத் தெரிந்தது.

“இது என்னம்மா?”

“சோலார் செல்லுக்குள்ள பூசுற படலம், மைக்ரோஸ்கோப்புல பார்த்தா இப்படித்தான் தெரியும். தலைமுடியை ஆயிரமாப் பிளந்தா வர்ற கனம்தான் இருக்கும். அதுக்குள்ள மூலக்கூறெல்லாம் தட்டு அடுக்கின மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு படுத்திருந்தா, மின்சாரம் சரசரன்னு கீழ இறங்கும். தாறுமாறாக் கிடந்தா, எவ்வளவு வெயில் அடிச்சும் பிரயோஜனமில்ல. ஒழுங்காப் படுக்க வைக்க முடியும்னு காட்டினதே நான்தான். அதுக்குத்தான் டாக்டர் பட்டமே கொடுத்தாங்க!”

வக்கீல் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

“அவனும் அதே மாதிரி பூசி, அதே மாதிரி படம் எடுத்திருக்கலாமே?”

“நீங்க எனக்கு வக்கீலா, அவனுக்கா?”

“நாளைக்கு நாலு பேர் கேப்பாங்கம்மா.”

“கேக்கட்டும்! இவ்வளவு சுத்தமா எவனுக்கும் வராது. எங்கயாவது ஒரு மூலையில கோணிக்கும். இது என்னோடதேதான், எங்க வேணா சத்தியம் பண்றேன்.”

இப்போது வக்கீலுக்கும் ரத்தம் கொதித்தது. திங்கட்கிழமை ஆய்வகத் தலைவர் பதவிக்கு நேர்காணல். போட்டியில் இருப்பது இரண்டே பேர், இவளும் அந்தச் சோடாபுட்டியும். பத்து வருஷமாக இவள் மாடாய் உழைத்த இடத்தில், திருடின படத்தைக் காட்டிவிட்டு அவன் போய் உட்காருவதா?

அவள் முகம் கழுவப் போனாள். குழாய்ச் சத்தத்தையும் மீறி வசவு கேட்டது. வக்கீல் மடிக்கணினியைத் திறந்தார். அவள் திரும்பி வருவதற்குள் இதழின் ஆசிரியருக்கும் தேர்வுக் குழுவுக்கும் புகார் போய்விட்டது.

“அனுப்பிட்டேன். திங்கட்கிழமை அவன் மூஞ்சியில ஈயாடாது!”

“யாரைக் கேட்டு அனுப்பினீங்க?”

“இதென்ன வம்பாப் போச்சு! காலையிலேர்ந்து நீதானே குதிக்கிறே?”

“திட்டினேன். புகார் கொடுக்கச் சொன்னேனா? என்னத்தை எழுதித் தொலைச்சீங்க?”

“கச்சிதமா ஒரே கோரிக்கை. மைக்ரோஸ்கோப்புல பதிவான அசல் ஃபைலை ரெண்டு பேரும் குழு முன்னாடி வைக்கணும். வைக்க முடியாத ஆளை வேலையை விட்டே தூக்கணும். அவன் எங்கேருந்து கொண்டு வருவான்? மாட்டினான்!”

கையிலிருந்த துண்டை அவர் முகத்திலேயே விட்டெறிந்தாள் அவள்.

“நான் மட்டும் எங்கேருந்து கொண்டு வருவேன்? அது மைக்ரோஸ்கோப்புல எடுத்ததே இல்ல. பட்டம் கிடைக்கணுமேன்னு நானே கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து வரைஞ்சது!”