கோலப்பன் இடுப்புத் தைலம்

“மின்சாரம் மனித உடம்புக்குப் பகை! மூலிகை ஒன்றே மனித குலத்தின் மீட்சி!”

கோலப்பன் முழங்கினார். ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேசுவதற்கான ஒத்திகை. குப்புறக் கிடந்தபடி முழங்கியதால் மீட்சி முழுவதும் தலையணைக்குள் போய்விட்டது. இடுப்பில் நான்கு பேட்கள் ஒட்டியிருந்தன. அவற்றிலிருந்து ஒயர்கள் ஒரு சின்ன மெஷினுக்குப் போயின.

“அங்கிள், கரண்ட் கூட்டட்டா?” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. கிழக்கேகோட்டையில் அந்த பிசியோதெரபி கிளினிக்கை நடத்துபவள் அவள்தான்.

“ரெண்டு பாயின்ட் கூட்டு மோளே. நேத்து வச்சது நல்ல சுகமா இருந்துது.”

சாலை பஜாரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர் கோலப்பன். ஞாயிறன்று ‘கோலப்பன் இடுப்புத் தைலம்’ வெளியீட்டு விழா. மேடையில் அவரே குனிந்து, கால் பெருவிரலைத் தொட்டு நிமிர்ந்து காட்டுவதாக நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. ஆனால் கை முழங்காலைத் தாண்டவில்லை.

“அங்கிளோட தைலத்தை அங்கிளே தேய்க்கலையா?”

“ரெண்டு மாசமாத் தேய்க்கேன் மோளே. மணம் நல்லா இருக்கு.”

“சரி, ரெஜிஸ்டர்ல எதுக்கு ராகேஷ்னு பேர் குடுத்தீங்க?”

“மெல்லப் பேசு! தைலம் காய்ச்சித் தாற சுவாமிதாஸ் வைத்தியர் காதுல விழுந்தா நான் தீர்ந்தேன். ‘கரண்ட் வச்ச உடம்புக்காரன் கையில என் தைலத்தைத் தரமாட்டேன்’னு சத்தியம் பண்ணுன மனுஷன். விழாவே நின்னு போகும்.”

ஸ்ரீலக்ஷ்மி சிரித்துக்கொண்டே, பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்த அடுத்த கேபினுக்குப் போனாள்.

தலைமாட்டில் போன் அதிர்ந்தது. வைத்தியர்! கோலப்பன் குப்புறக் கிடந்தபடியே எடுத்தார்.

“ஓய், எங்க இருக்கீரு?” வைத்தியரின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“கடையிலதான் வைத்தியரே. மூலிகை இடிக்காங்க, பாத்துட்டு நிக்கேன்.” கோலப்பனும் கிசுகிசுத்தார். “உங்க சத்தம் ஏன் இப்படி இருக்கு?”

“தைலம் பதத்துக்கு வருது வேய். இந்த நேரத்துல சத்தம் போட்டா வீரியம் போயிரும். நீரு ஞாயித்துக்கிழமை தைரியமா குனியும். என்னைப் பாரும், எழுபது வயசு, நம்ம தைலத்தைத் தவிர இந்த இடுப்பு வேற எதையும்...”

“அங்கிள், அசையாம கிடங்க கேட்டோ. பேட் இளகிப் போகும்!” என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

கோலப்பனுக்கு அது இரண்டு முறை கேட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு முறை. போனுக்குள்ளிருந்து ஒரு முறை.

அடுத்த கேபினில் கிடந்த வைத்தியருக்கு அன்று கரண்ட் வைக்கும் பதினோராவது நாள்.